மஞ்சள் கேள்விக்குறி

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் பெருவழியில், கந்தேகவுண்டன் சாவடியில் தெற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிற இடத்தில், ஆனால் பேச்சும் விவசாயமும் கொள்வினை கொடுப்பினையும் எங்கும் முடியாமல் இரு பக்கமும் ஒன்றாகவே தொடர்கிற இடத்தில், வேலந்தாவளம் என்னும் சிற்றூர் இருக்கிறது. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர் அது. மலையாள நாடு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுகிற ஓயாத மழையையும் காயலையும் இங்கே தேடக்கூடாது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கிடக்கிற இந்தப் பிரதேசம் கொங்கு மண்ணின் தொடர்ச்சியே. கரிசலும் தென்னையும் நிலக்கடலையும் காய்கறித் தோட்டமுமாகப் பிழைக்கிற ஜனங்கள், விளைந்ததைக் கூடையிலும் சாக்கிலும் நிரப்பிக்கொண்டு வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு வருகிறார்கள். அங்கே தராசுத் தட்டு இறங்கி ஏறும்போது கேட்கிற பேரம் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது.

இந்த ஊருக்குக் காகிதத்தின் மகிமை நன்றாகத் தெரியும். 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் பிறந்த பிறகு, 2017-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்து வாணிப வரிச் சோதனைச் சாவடிகளின் வேலையை எடுத்துக்கொண்ட நாள் வரையில், லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பில்லையும் பெர்மிட்டையும் கையில் பிடித்துக்கொண்டு சன்னல் முன் நின்ற டிரைவர்களை இந்தச் சாலை பார்த்திருக்கிறது. முத்திரை சரியாக விழாத தாளும், கையொப்பம் மங்கிய ரசீதும் ஒரு மனிதனை எத்தனை நேரம் காக்க வைக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே, முத்திரை என்பது தாளிலிருந்து இறங்கி, கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக மாறிவிட்ட இந்தக் காலத்தில், அதை எவ்வாறு நம்புவது என்ற கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் நேரில் சந்தித்தது கடைத்தெருவில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். மகளைக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்க்கப் போகிற ஒரு தாயார், கேரள சர்க்கார் இணையத்தின் வழியாக வழங்கிய வருமானச் சான்றிதழின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாளின் அடியில், அதிகாரியின் கையொப்பம் இருக்கவேண்டிய கட்டத்தில், ஒரு பெரிய மஞ்சள் கேள்விக்குறியும், கையொப்பத்தின் உண்மை தெரியவில்லை என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் அச்சாகியிருந்தன.

“ஏனுங்கண்ணா, காலேஜ் ஆபீசுல இதெப் பார்த்துட்டு, சர்டிபிகேட்டு செல்லுமா செல்லாதான்னு கேக்கறாங்க. இந்தக் கேள்விக்குறி போகாதுங்களா?” என்று அவர் கேட்டார்.

“போகுமுங்க அக்கா. அது உங்க சர்டிபிகேட்டுமேல சந்தேகமில்லீங்க. நம்ம கம்ப்யூட்டருக்கு அந்தக் கையெழுத்து யாருதுன்னு இன்னும் தெரியலைங்க, அவ்வளவுதான்,” என்றார் சென்டர்க்காரர்.

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொன்ன பண்டிதர் ஒருவரையும் நான் கேட்டதில்லை. நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் இந்தக் கேள்விக்குறியைப் பார்த்திருக்கிறார்கள். ஆதார் அட்டையை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட எவரும் அதன் மூலையில் இதைக் கண்டிருப்பார். அது பொய் என்று சொல்லும் குறியன்று. மெய் என்றும் அது சொல்வதில்லை. ஒப்பமிட்டவரை அறிமுகப்படுத்துவதற்கு இந்த இயந்திரத்துக்குத் தெரிந்த பெரியவர் யாரும் இல்லை என்பதே அதன் பொருள்.

அறிமுகம் எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, அதே தெருவின் கோடியிலுள்ள சந்தைக்கு ஒரு முறை போய்வருவது நல்லது. தக்காளி வியாபாரி தட்டில் வைக்கிற ஒரு கிலோ எடைக்கல் சரியான கல் என்று நாம் ஏன் நம்புகிறோம்? அதில் எடையளவை இலாகாவின் முத்திரை இருக்கிறது. அந்த இலாகாவின் இன்ஸ்பெக்டர் அதைத் தம்மிடமுள்ள நியமக் கல்லோடு ஒப்பிட்டார்; அந்தக் கல் அதற்கு மேற்பட்ட ஒரு கல்லோடு ஒப்பிடப்பட்டது; அது இன்னும் மேற்பட்டதோடு; இப்படியே படிப்படியாக ஏறிக்கொண்டு போனால், புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கிற, 57 என்ற எண் தாங்கிய கிலோகிராம் உருளையைச் சென்று சேர்வோம். அதற்கும் மேலே, பாரிஸ் நகரத்துக்கு அருகில் செவ்ர் என்னும் ஊரில், 1889-ஆம் வருஷம் முதல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த ஓர் உருளை பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை எதோடு ஒப்பிடுவது? ஒன்றோடும் இல்லை. அதன் எடையே கிலோகிராம் என்று தேசங்கள் கூடி ஒப்புக்கொண்டன. 2019-ஆம் வருஷம் மே 20 அன்று அந்த ஸ்தானத்தை இயற்கையின் ஒரு மாறிலிக்கு மாற்றிக் கொடுக்கும் வரையில், அந்த ஒப்புக்கொள்ளுதலே உலகத்தின் அத்தனை தராசுகளுக்கும் அடிவேராக இருந்தது.

கம்ப்யூட்டர் கையொப்பத்தின் கிரமமும் இதுவே. ஒப்பமிடுகிற அதிகாரியிடம் இரண்டு திறவுகோல்கள் உண்டு: ஒன்று அவரிடம் மட்டும் இருக்கிற அந்தரங்கத் திறவுகோல், பெரும்பாலும் யூஎஸ்பி டோக்கன் என்று சொல்லப்படுகிற விரல் நீளச் சாதனத்துக்குள் இருப்பது, மற்றொன்று உலகத்துக்கெல்லாம் கொடுக்கக்கூடிய பொதுத் திறவுகோல். முதலாவதால் பூட்டப்பட்ட முத்திரையை இரண்டாவதால்தான் திறந்து சரிபார்க்க முடியும். பத்திரத்தில் ஒரு எழுத்து, ஒரு பூஜ்யம் பிற்பாடு மாறியிருந்தாலும் முத்திரை ஒவ்வாது. ஆனால் இந்தப் பொதுத் திறவுகோல் இன்ன அதிகாரியுடையதுதான் என்று சொல்வது யார்? உரிமம் பெற்ற சான்றளிப்பு ஸ்தாபனம் ஒன்று சொல்கிறது. அந்த ஸ்தாபனத்தின் யோக்கியதையை, 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் சொல்கிறார். அந்தச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது; மின் முறையில் இடப்படும் கையொப்பத்துக்கு மையால் இடும் கையொப்பத்துக்குள்ள அந்தஸ்தை அதன் ஐந்தாவது பிரிவு கொடுத்தது. சரி, அந்தக் கட்டுப்பாட்டாளரின் யோக்கியதையைச் சொல்வது யார்? செவ்ர் உருளையின் கதைதான். அவர் தமக்குத் தாமே ஒப்பமிட்டுக்கொள்கிறார். அந்தச் சுய ஒப்பமிட்ட பத்திரத்துக்குத்தான் ரூட் சர்டிபிகேட், அதாவது வேர்ச் சான்றிதழ், என்று பெயர்.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். செவ்ர் உருளையைத் தேசங்கள் கூடி ஒப்புக்கொண்டன. வேலந்தாவளத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் வேர்ச் சான்றிதழை ஒப்புக்கொள்கிறவர், மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு மனிதரே. அவர் ‘சரி’ என்று ஒரு பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து, அந்த வேரிலிருந்து கிளைத்து வருகிற ஒவ்வொரு ஒப்பத்தையும் இயந்திரம் விசாரணை இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். தேசங்களின் மகாநாடு செய்கிற காரியத்தை ஒரு விரல் நொடிக்குள் செய்துவிடுகிறது.

வழிமுறை ஒன்றும் கடினமானதன்று. ஆதார் ஆணையம் பொதுமக்களுக்குச் சொன்ன வழி இது: அடோபி ரீடரில் பத்திரத்தைத் திறந்து, கேள்விக்குறியின்மேல் வலது பொத்தானை அழுத்தி, கையொப்பத்தின் விவரத்தையும், பிறகு சான்றிதழின் விவரத்தையும் வரவழைத்து, சங்கிலித் தொடராகத் தோன்றும் பெயர்களில் உரியதைத் தேர்ந்து, ‘டிரஸ்ட்’ என்ற பக்கத்தில் அதை நம்பத்தக்கோர் பட்டியலில் சேர்த்து, நம்பிக்கையின் வேராக அதைக் கொள்ளலாம் என்ற கட்டத்தில் குறியிட்டு, மறுபடி சரிபார்க்கச் சொன்னால், கேள்விக்குறி மறைந்து பச்சைக் குறி தோன்றும். விண்டோஸுக்கே வேரை அறிமுகப்படுத்த வேண்டுமானால், சான்றிதழ்க் கோப்பை இரண்டு முறை தட்டித் திறந்து, ‘இன்ஸ்டால் சர்டிபிகேட்’ என்பதை அழுத்தி, இந்த ஒரு பயனாளருக்கு மட்டுமா, முழு இயந்திரத்துக்குமா என்று தீர்மானித்துக்கொண்டு, எந்தப் பெட்டகத்தில் வைப்பது என்ற கேள்விக்கு ‘டிரஸ்டட் ரூட் சர்டிபிகேஷன் அதாரிட்டீஸ்’ என்ற பெட்டகத்தை நாமே காட்டவேண்டும். இயந்திரத்தின் யுக்திக்கே விட்டுவிட்டால் அது வேறு பெட்டகத்தில் வைத்துவிட்டு, நம்மை மறுபடி கேள்விக்குறியின் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்துவதுண்டு. பயர்பாக்ஸ் தனக்கென்று வேறொரு பெட்டகம் வைத்திருக்கிறது. 2023-ஆம் வருஷம் வரையில் அதற்குத் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது.

இத்தனை சுலபமான காரியத்தில் நடுவே ஓர் எச்சரிக்கைப் பலகை எழும்புகிறது. தற்போதைய பயனாளரின் பெட்டகத்தில் புதிய வேரை நடும்போது, விண்டோஸ் நம்மை நிறுத்தி, இந்தச் சான்றிதழ் இன்னாருடையது என்று அதுவே சொல்லிக்கொள்கிறது, ஆனால் அது உண்மைதானா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை, அவர்களிடமே விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று எடுத்துரைத்து, விரல் ரேகை என்று பெயர் சூட்டப்பட்ட நாற்பது எழுத்துகளையும் எண்களையும் காட்டுகிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் இயந்திரம், “எனக்குத் தெரியாது, நீயே விசாரி” என்று மனிதனிடம் ஒப்புக்கொள்கிற அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆனால் அந்தப் பலகையை முழுவதும் படித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நானும் பல வருஷங்கள் படிக்காமலே ‘எஸ்’ என்பதை அழுத்தியிருக்கிறேன்.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நம் தேசத்துச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 2014-ஆம் வருஷம் ஜூலை 2-ஆம் தேதி, கூகுள் நிறுவனத்தின் பெயருக்கு, அந்த நிறுவனம் கேட்காமலே வழங்கப்பட்ட சான்றிதழ்கள் இணையத்தில் உலவுவதை அந்த நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். அவற்றை வழங்கியது எங்கோ ஒளிந்திருந்த கள்ளக் கூட்டமன்று. இந்திய சர்க்காரின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து அவை புறப்பட்டிருந்தன. அந்தப் பிரிவுக்கு மேலே இருந்த வேர் நமது கட்டுப்பாட்டாளருடையது; அந்த வேர் மைக்ரோசாப்டின் பெட்டகத்தில் இருந்தது; ஆகவே விண்டோஸ் இயந்திரங்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முதலானவற்றின் கண்ணுக்கு அந்தச் சான்றிதழ்கள் யோக்கியமானவையாகவே தோன்றியிருக்கும். அவற்றைக் கையில் வைத்திருக்கிற ஒருவன் வழியில் உட்கார்ந்துகொண்டு, நானே கூகுள் என்று சொல்லி, கடிதங்களைப் பிரித்துப் படிக்கக்கூடும். உலாவியில் தெரிகிற பூட்டுப் படம் மட்டும் மாறாமல் இருக்கும். பயர்பாக்ஸின் தனிப் பெட்டகத்தில் இந்த வேர் இல்லாமையால் அதை உபயோகித்தவர்களுக்கு அந்த ஆபத்து நேரவில்லை.

மறுநாள், ஜூலை 3 அன்று, கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். மையத்தின் வழங்கும் முறையிலேயே அத்துமீறல் நடந்தது என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கு, மூன்று கூகுளுக்கும் ஒன்று யாஹூவுக்கும் உரியவை என்றும் விசாரணையின் முடிவு தெரிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அடங்காதவையும் தங்கள் கண்ணில் பட்டன என்று கூகுள் பகிரங்கமாகக் கூறிற்று. அதன் பிறகு குரோமில் இந்திய வேரின் அதிகாரம் கவ்.இன், என்ஐசி.இன், ஏசி.இன் முதலான ஏழு பெயர்க் குடும்பங்களுக்குள் அடக்கப்பட்டது. மைக்ரோசாப்டும் ஜூலை 10 அன்று தன் நம்பிக்கைப் பட்டியலைத் திருத்தி அந்தச் சான்றிதழ்களை விலக்கிற்று. ஒரு தேசத்தின் முத்திரைக்கு உலகச் சந்தையில் எல்லைக்கோடு வரையப்பட்ட அந்தச் சம்பவத்தை நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். சர்க்கார் ஸ்தாபனத்திலும் பூட்டு உடைபடும் என்பதையும், உடைபட்டால் ஒரே நாளில் ரத்து செய்ய முடியும் என்பதையும் அது ஒருங்கே காட்டியது.

மற்ற தேசங்களின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. ஹாலந்து நாட்டில் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனம் 2011-ஆம் வருஷம் கொள்ளையிடப்பட்டு, அதன் பெயரால் 531 போலிச் சான்றிதழ்கள் வெளிவந்தன. ஈரானில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருடைய ஜிமெயில் போக்குவரத்து அவற்றால் ஒட்டுக்கேட்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அவ்வருஷம் செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலாகி மறைந்தது. 2019-ஆம் வருஷம் கஜகஸ்தான் சர்க்கார் தன் பிரஜைகள் ஒரு வேர்ச் சான்றிதழைத் தங்கள் சாதனங்களில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திற்று. அவர்களுடைய இணையப் பேச்சை நடுவழியில் பிரித்துப் பார்ப்பதற்கான வேர் அது என்று கண்டு, கூகுளும் மோசில்லாவும் ஆப்பிளும் தங்கள் உலாவிகளில் அதைத் தடை செய்தன.

ஆனால் நம் கடைத்தெருவுக்கு மிகவும் நெருங்கிய பாடம் லெனோவோ மடிக்கணினிகளின் கதைதான். 2014-ஆம் வருஷக் கடைசியில் விற்கப்பட்ட அந்நிறுவனத்துக் கணினிகள் சிலவற்றில், விளம்பரம் காட்டுவதற்காக சூப்பர்பிஷ் என்ற மென்பொருளும் அதனுடன் ஒரு வேர்ச் சான்றிதழும் வாங்கியவருக்குத் தெரியாமலே ஏற்றப்பட்டிருந்தன. அத்தனை கணினிகளிலும் ஒரே அந்தரங்கத் திறவுகோல். அதுவும் கணினிக்குள்ளேயே கிடந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிப்பட்டதும், ஓர் ஆராய்ச்சியாளர் சில மணி நேரத்தில் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் பின்னர் அந்தத் திறவுகோலைக் கையிலெடுத்த எவனும், அந்தக் கணினிக்காரர் எந்த வங்கிக்குப் போனாலும், அந்த வங்கியாக வேஷம் போட்டு நிற்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். ஆனால் எல்லைப்புறத்துக் கம்ப்யூட்டர் சென்டரோ அக்ஷயா மையமோ ஒரு குடும்பத்துக்குரியதன்று. 2002-ஆம் வருஷம் மலப்புரத்தில் தொடங்கிக் கேரளம் முழுவதும் பரவிய அக்ஷயா மையங்களிலும், தமிழ்நாட்டின் இ-சேவை மையங்களிலும், அவற்றின் அருகே முளைத்த சிறு கடைகளிலும், படித்தறியாத மூதாட்டியின் பென்ஷனும், குத்தகை விவசாயியின் மானியமும், பெண்ணின் கல்லூரி அனுமதியும் ஒரே விசைப்பலகையின் வழியாகப் போகின்றன. அந்த ஒரு மேசைக் கணினியில் தவறான ஒரு வேர் ஊன்றிவிட்டால் ஊரே அதன் நிழலில் வந்து விழுகிறது. டோக்கன் விற்கிறவர் ஒரு சான்றிதழை ஏற்றச் சொல்கிறார். வரிக்கணக்கு ஒப்பமிடுகிற மென்பொருள் தன்னுடைய கணினிக்குத் தானே வழங்கிக்கொண்ட ஒன்றை ஏற்கச் சொல்கிறது. போனில் பேசுகிற யாரோ ஒரு சர்வீஸ்காரர் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பி, எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ கொடுங்கள் என்கிறார். வேலை நடந்தாக வேண்டிய அவசரத்தில், வரிசை வாசல் வரை நீண்டிருக்கும்போது, எது தேவை எது அநாவசியம் என்று நிதானித்துப் பார்க்கிற அவகாசத்தை அந்தச் சென்டர்க்காரருக்கு நாம் கொடுக்கிறோமா?

நான் பார்த்த சென்டர்க்காரர் அந்த அவகாசத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். வேர்ச் சான்றிதழைக் கட்டுப்பாட்டாளரின் தளத்திலிருந்தே இறக்கினார்; யாரோ அனுப்பிய கோப்பையோ பென் டிரைவில் வந்ததையோ அவர் தொடவில்லை. எச்சரிக்கைப் பலகை எழுந்ததும், கடையின் இணைப்பைத் தொடாமல், தம் மொபைல் போனின் சொந்த இணைப்பில் அதே தளத்திலிருந்து அதே சான்றிதழைத் தனியாக வரவழைத்து, அதன் விரல் ரேகையை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரே குழாயில் வருகிற தண்ணீரை அதே குழாயின் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பயனில்லை அல்லவா? ஒரு பையனைக் கூப்பிட்டுத் திரையில் உள்ளதை இரண்டிரண்டு எழுத்தாக உரக்கப் படிக்கச் சொல்லி, தாம் போனில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போனார்.

இவ்வளவு சிரமம் ஒரு தனிமனிதர் படவேண்டியதுதானா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. என்னுடைய கோரிக்கை பெரியதன்று. தாலுகா அலுவலகத்திலும் கிராம அலுவலகத்திலும், லஞ்சம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில், தேசத்தின் வேர்ச் சான்றிதழின் விரல் ரேகையைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்; எல்லைப்புறங்களில் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கி வைக்கலாம். கம்பிவழி வந்ததைச் சுவரில் எழுதியதோடு ஒப்பிடுகிற வழி சாமானியனுக்குக் கிடைத்துவிட்டால், வழியில் உட்கார்ந்திருக்கிற கள்வன் அந்தச் சுவரையும் அழித்து எழுத வேண்டியிருக்கும். வேறொரு வழியையும் சர்க்கார் யோசித்தது: நமது வேரைத் தன்னுள் கொண்ட இந்திய உலாவி ஒன்றை உருவாக்கும்படி 2023 ஆகஸ்டில் போட்டி அறிவித்தார்கள், 2025 மார்ச்சில் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயைத் தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த ஜோஹோ நிறுவனம் பெற்றது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வேரைப் பெட்டகத்தில் முன்கூட்டியே வைத்துக் கொடுத்தாலும், அதை வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்று கேட்கிற உரிமை நம்மிடமே இருக்கவேண்டும்.

இன்னொரு விஷயத்தை அந்தத் தாயாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பலருக்கும் இது தெரிவதில்லை. பச்சைக் குறி தோன்றிய பிறகு எடுத்த பிரிண்டில் அந்தக் குறியும் அச்சாகும் என்றாலும், தாளில் விழுந்த பச்சைக் குறிக்கு மதிப்பு ஒன்றுமில்லை. அது வெறும் மை. படம் வரையத் தெரிந்த எவரும் அதை வரையலாம். கையொப்பம் உயிரோடு இருப்பது கோப்பில்தான். காகிதத்தை மட்டும் கையில் வாங்குகிற அலுவலகத்தார் குறியின் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சான்றிதழின் எண்ணைக் கொண்டு வழங்கிய இலாகாவின் தளத்திலேயே சரிபார்ப்பதுதான் நியாயம். பச்சை மையில் கெஜட்டட் அதிகாரி போட்ட அட்டஸ்டேஷனைக் கண்டு பழகிய கண்கள் திரையிலும் பச்சையைத் தேடுகின்றன. அந்தப் பழக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை.

பையன் கடைசி ஜோடியைப் படித்து முடித்தான். நாற்பதும் ஒத்தன. சென்டர்க்காரர் ‘எஸ்’ என்பதை அழுத்தினார். விண்டோஸின் பெட்டகத்தையும் நம்பும்படி அடோபி ரீடருக்குச் சொல்லிவிட்டு, பத்திரத்தை மூடித் திறந்தார். கேள்விக்குறி இருந்த இடத்தில் பச்சைக் குறி வந்தது. தாயார் நிம்மதியோடு பணத்தை எடுக்கப் போனபோது, “பிரிண்டு வேண்டாமுங்க அக்கா. ஃபைலையே காலேஜுக்கு மெயில்ல அனுப்பிடறேனுங்க. அவங்க கேட்டா, நம்பர் போட்டுத் தளத்துலயே பாத்துக்கச் சொல்லுங்க,” என்று சொல்லி, சான்றிதழின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதை அவர் நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, கோயமுத்தூர் பஸ் வருகிற பக்கமாகத் தெருவில் இறங்கினார்.